ஒருத்தி பேரில் வைத்த ரோசா

கரவெட்டி
2.3.1942

அன்பான நல்லம்மா மச்சாளுக்கு,

கனகம் எழுதுறன். ஸ்டேசன்வரை கோச்சியும் அங்கயிருந்து மாட்டுவண்டிலுமாக ஒருமாதிரி அம்மா வீட்டை வந்து சேந்திட்டன். நானும் வயித்தில கிடக்கிறதும் சுகம். உங்கட முழங்கால் நோவு எப்பிடி? உங்கட தம்பி நேரத்துக்குச் சாப்பிடுறாரோ?

சிங்கப்பூர் யப்பான்காரனிட்ட விழுந்த நாள்தொட்டு, அடுத்தது திருகோணமலைத் துறைமுகம்தான் எண்டு இஞ்ச எல்லாரும் கதைக்கினம். கேட்கேக்க எனக்குச் சோறு இறங்குதில்லை. டொக்யாட்டில வேலை செய்யிற கிளாக்கருக்கு லீவு இல்லையெண்டால் அவர் என்ன செய்வார்? "நீர் போம், நான் நிண்டு அவனுக்குச் சமைச்சுப் போடுறன்" எண்டு நீங்கள் சொன்னபடியாத்தான் நான் வெளிக்கிட்டனான். மூண்டு வருசம் காத்திருந்து வந்த பிள்ளை. இல்லாட்டி அவரை விட்டிட்டு வந்திருப்பனோ?

ஒரேயொரு உதவி. வாசல் ரோசாவுக்குத் தண்ணி ஊத்த மறக்காதையுங்கோ. காலமை பால்நிறத்தில விரிஞ்சு, வெயில் ஏற ஏறச் சிவந்து, பின்னேரம் நல்ல சிவப்பாகிற பூ இந்தக் கரவெட்டி முழுக்க ஒருதரிட்டையும் இல்லை. கலியாண நாளண்டு அவர் அதில ஒரு பூ வெட்டித் தந்து, "உமக்கெண்டுதான் நேவி ஹவுஸ் துரையின்ர தோட்டத்தில கேட்டு வாங்கி வைச்சனான்" எண்டு சொன்ன கதையை என்ர தங்கச்சிமாருக்கு நான் சொல்லிச் சொல்லி, இப்ப அவளவை காதைப் பொத்துறாளவை. அது எனக்கு வைச்ச ரோசாக்கண்டு. நான் திரும்பி வரேக்க அது நிக்கவேணும்.

உங்கட உடம்பையும் பாத்துக்கொள்ளுங்கோ.

அன்புடன்
கனகம்மா

---

திருகோணமலை
15.3.42

கனகத்துக்கு நல்லம்மா எழுதுறது.

உம்மட கடிதம் கிடைச்சது. தம்பி சுகம். ரண்டு நேரமும் வீட்டில சாப்பிடுறான், மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போறான். என்ர முழங்கால் என்னை விட்டிட்டு எங்கயும் போகேல்ல. நீர் புளியைக் குறையும். காலில நீர் வைக்கும்.

எங்கட ஒழுங்கையில பாதி வீடு பூட்டிக் கிடக்கு. பக்கத்து வீட்டில றுக்கியாவும் புருசன் கலீலுர் றஹ்மானும் இன்னும் இருக்கினம். கடையை விட்டிட்டுப் போக மனமில்லையாம். வீட்டுக்கு வீடு பதுங்குகுழி வெட்டச் சொல்லி ஓடர். வந்த ஆக்கள், "வாசல்பக்கம்தான் மண் இளக்கம், இந்த ரோசாவைத் தூக்கிப்போட்டு இதில வெட்டுவம்" எண்டினம். "அதில ஏலாது" எண்டு சொல்லிப்போட்டன். பின்வளவில முருங்கைக்குப் பக்கத்தில வெட்டியிருக்கு. அது கல்லு மண். வெட்டினவங்கள் என்னைத் திட்டித்தான் வெட்டினாங்கள்.

கண்டைப் பற்றி எழுதியிருந்தீர். நீர் இந்த வீட்டுக்கு வர ஆறு வருசத்துக்கு முதலே அது பூத்த கண்டு. நேவி ஹவுஸ் எண்ட கதையை நான் கேள்விப்படேல்ல. நட்ட கை நல்ல கை. அதுதான் இந்த உப்புக்காத்திலயும் நிக்குது. நீர் சொன்னாலும் சொல்லாட்டிலும் நான் தண்ணி ஊத்துவன்.

அம்மா ஐயாவைக் கேட்டதாகச் சொல்லும்.

நல்லம்மா

---

கரவெட்டி
24.3.42

அன்பான மச்சாளுக்கு,

சுகமாயிருக்கிறன் எண்டு எழுதத்தான் விருப்பம். ஆனா உங்கட கடிதம் வந்ததிலயிருந்து நித்திரை இல்லை. பிள்ளை உதைக்குது எண்டு அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறன். உங்கட கால் நோவுக்கு அம்மா ஒரு எண்ணெய் காய்ச்சி வைச்சிருக்கிறா. ஆரும் வந்தா அனுப்புறன்.

ஆறு வருசத்துக்கு முதலே பூத்ததெண்டா, நேவி ஹவுஸிலயிருந்து எனக்கெண்டு வாங்கினதெண்டு ஏன் சொன்னவர்? ஆற்ற கை நல்ல கை? நான் அவருக்கு எழுதிக் கேட்டன். "நேவி ஹவுஸ் எண்டு எத்தினை தரம் சொல்லுறது, சண்டை நேரத்தில உமக்குப் பூக்கதையோ" எண்டு பதில் வந்திருக்கு. கோபிக்கிற ஆளில்லை அவர். இதுக்கு ஏன் கோபம்?

எனக்கு இப்ப ஒண்டு ஞாபகம் வருது. போன வருசம் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில போற றோஸ்லின் ரீச்சர் எங்கட வாசல் படலையடியில இறங்கினவ. அவ மலைநாட்டில படிப்பிச்ச ஆள், ரோசா இனமெல்லாம் தெரியும். "இது பன்னீர் ரோசாவுமில்லை, பண்டாரவளை ரோசாவுமில்லை. இதின்ர தாய் ஆர், தகப்பன் ஆர்?" எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டா. உங்கட தம்பியின்ர முகம் அப்பிடியே கறுத்துப்போச்சு. "எனக்குத் தெரியாது" எண்டிட்டு உள்ளுக்குப் போட்டார். அண்டைக்கு வெயில் எண்டு நினைச்சன். இப்ப அப்பிடி நினைக்க ஏலாமல் கிடக்கு.

நீங்கள் அவரோட பிறந்தனீங்கள். உங்களுக்குத் தெரியாமல் அந்த வளவில ஒரு புல்லும் முளைக்காது. எழுதுங்கோ.

கனகம்

---

திருகோணமலை
18.4.42

கனகத்துக்கு,

முதலில இதைப் படியும்: தம்பிக்கு ஒண்டுமில்லை. எனக்கும் ஒண்டுமில்லை. தந்தி அடிக்கப் போனது, ஆனா சனம் வரிசையில நிண்டு அடிபடுது.

ஒன்பதாம் திகதி வியாழக்கிழமை காலமை நான் குசினியில இடியப்பத்துக்கு மா குழைச்சுக்கொண்டு நிண்டனான். தம்பி வேலைக்குப் போட்டான். சங்கு ஊதினது. ஊதி முடிய முதல் வானம் இரைஞ்சது. றுக்கியா மகளையும் இழுத்துக்கொண்டு வேலியைப் பிரிச்சு ஓடிவந்தா. மூண்டுபேரும் குழிக்குள்ள. மாக்கையோட நான். றுக்கியா ஓதினா, நான் கோணேசரைக் கூப்பிட்டன், பிள்ளை ரண்டையும் மாறி மாறிச் சொன்னாள். நிலம் அதிர்ந்து எங்கட தலையில மண் கொட்டினது. எவ்வளவு நேரமெண்டு தெரியாது.

வெளியில வந்து பாத்தா சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி பத்தி எரியுது. பகலை மூடினமாதிரிக் கறுத்தப் புகை. கப்பல் விசயம் எழுதக்கூடாதாம், எழுதினா கத்தரிப்பினமாம். எழுதேல்ல. தம்பி பின்னேரம் நடந்து வந்தான். சேட்டு இல்லை, மேலெல்லாம் கரி. என்னைக் கண்டு "அக்கா" எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு, படியில இருந்து கனநேரம் கையைப் பாத்துக்கொண்டிருந்தான். அவனோட வேலை செய்த ஆக்களில கொஞ்சப்பேர் திரும்பேல்ல.

சனம் கன்னியாவுக்கும் தம்பலகாமத்துக்கும் போகுது. நாங்கள் நிக்கிறம்.

கண்டு நிக்குது. இலையெல்லாம் எண்ணெய்க்கரி பிடிச்சுப் போச்சு. ஈரத்துணியால ஒவ்வொரு இலையாத் துடைச்சு விட்டனான். நீர் கேட்ட மற்றதைத் தம்பியிட்டக் கேளும்.

பயப்படாதையும். பயந்தா பிள்ளைக்குக் கூடாது.

நல்லம்மா

---

கரவெட்டி
29.4.42

அன்பான மச்சாள்,

கடவுளே எண்டு நீங்கள் ரண்டுபேரும் உயிரோட இருக்கிறியள். கடிதத்தைச் சாமிப்படத்துக்கு முன்னால வைச்சுக் கும்பிட்டனான். மாக்கையோட குழிக்குள்ள நிண்டதை வாசிச்சு அம்மாவும் நானும் அழுதம். அவர் படியில இருந்த இடத்தை வாசிக்கேக்க, எனக்குப் பக்கத்தில இருக்கக் குடுத்துவைக்கேல்லையே எண்டிருந்தது.

இவ்வளவும் எழுதிப்போட்டு நிப்பாட்டத்தான் நினைச்சன். ஏலாமல் கிடக்கு. நீங்கள் என்னை எப்பிடி நினைச்சாலும் பரவாயில்லை.

போன கிழமை கலீலுர் றஹ்மான் நானா கருவாட்டு யாவாரமாப் பருத்தித்துறைக்கு வந்தவர், எங்கட வீட்டையும் வந்தார். தேத்தண்ணி குடுத்திட்டு ரோசாக் கதையைக் கேட்டன். "அது கல்கத்தா அரிசிக் கப்பலில வந்த சாமான் தங்கச்சி" எண்டார். சொல்லேக்க என்ர முகத்தைப் பாக்கேல்ல, கோப்பையைத்தான் பாத்தார். உங்கட தம்பி நேவி ஹவுஸ் எண்டுறார், அயலவர் கல்கத்தா எண்டுறார், நீங்கள் நல்ல கை எண்டுறியள். ஒரு செடிக்கு இத்தினை பிறந்தகம் ஏன்? உண்மையைச் சொல்ல ஏலாதெண்டாத்தானே ஆளுக்கொரு கதை வரும்.

குண்டு விழுந்த ஊரில நீங்கள் இலை துடைச்சனீங்கள், மச்சாள். பதுங்குகுழிக்குக்கூட அதை விட்டுக்குடுக்கேல்ல. போன மாரியில நான் காய்ச்சலில கிடக்கேக்க என்ர நெத்தியை அப்பிடித் துடைச்சுவிட்டனீங்களோ? அதை வைச்சவள் ஆரோ அவளில உங்களுக்கு என்னிலும் பட்சம். எனக்கு விளங்குது.

ஒண்டே ஒண்டு கேட்கிறன். ஓம் எண்டோ இல்லையெண்டோ எழுதினாப் போதும். இது ஒரு பொம்பிளையின்ர விசயமோ?

கனகம்

பி.கு: எண்ணெயை நானாவிட்டக் குடுத்துவிட்டனான். சூடாக்கிப் பூசுங்கோ.

---

திருகோணமலை
7.6.42

கனகத்துக்கு,

பிந்தி எழுதுறன். எண்ணெய் கிடைச்சது, குணமிருக்கு. தம்பி கொஞ்சம் மெலிஞ்சிட்டான், வேறொண்டுமில்லை. உமக்கு ஏழு மாசமாகுது, பாரம் தூக்காதையும்.

கேட்டதுக்குப் பதில்: ஓம்.

ஒரு பொம்பிளையின்ர பேரில வைச்ச கண்டுதான். றோஸ்லின் ரீச்சர் இல்லை. அந்தப் பிள்ளை பாவம், அவவை இதுக்குள்ள இழுக்காதையும். இவ வேற. பெரிய அழகி எண்டு சொல்ல ஏலாது. ஆனா அந்த நாளையில தலைமயிர் முழங்காலைத் தொடும். அவிட்டு விட்டுக் காயவைச்சா ஒழுங்கையால போறவை திரும்பிப் பாப்பினம். வாயைப் பொத்தாமல் சிரிப்பா, அதுக்கு வீட்டில ஏச்சு வாங்குவா. மஞ்சள் சேலை ஒண்டு வைச்சிருந்தா, அது அவவுக்கு நல்லாப் பொருந்தும் எண்டு ஒருதர் சொல்ல, கிழியுமட்டும் அதையே கட்டினா. அவவுக்காக ஒரு பூ புதிசா உண்டாக்கப்பட்டது. கடையில வாங்கினதில்லை, ஒருதற்ற தோட்டத்தில கேட்டு எடுத்ததுமில்லை. உலகத்தில வேறெங்கயும் இல்லாத பூ. எத்தினை பொம்பிளையளுக்கு அப்பிடி வாய்க்கும்?

அவ இப்பவும் இந்த ஊரிலதான். தம்பி நாள்தோறும் காணுறவன். அதால உமக்கு ஒரு கெடுதியும் வராது, அதை மட்டும் நம்பும்.

இதுக்குமேல கேளாதையும்.

நல்லம்மா

---

கரவெட்டி
20.6.42

அத்தானுக்கு,

இந்த முறை பிரியமுள்ள எண்டு எழுதக் கை வரேல்ல. சுகத்தையும் கேட்கேல்ல. நாள்தோறும் ஆரையோ காணுற ஆள் சுகமாத்தான் இருப்பார்.

எல்லாம் எனக்குத் தெரியும். உங்கட அக்காவே எழுதிப்போட்டா. முழங்கால்மட்டும் தலைமயிராம். மஞ்சள் சேலையாம். எனக்குத் தந்த பூ இன்னொருத்திக்கு உண்டாக்கின பூ. கலியாணத்தண்டு அதைத் தலையில செருகிக்கொண்டு ஊர்ச்சனத்துக்கு முன்னால நிண்டனான் நான். அவளும் வந்து பாத்திருப்பாளோ? பாத்துச் சிரிச்சிருப்பாளோ, வாயைப் பொத்தாமல்?

என்ர தலைமயிர் இடுப்புக்குக் கீழ வளராது. நான் என்ன செய்ய?

அந்தக் கண்டு வாசலில நிக்கிற நாள்வரைக்கும் நான் அந்தப் படலையைத் திறக்கமாட்டன். பிள்ளையும் வராது. வேரோட பிடுங்கி எரிச்சுப்போட்டு எழுதுங்கோ. உங்கட அக்காவைக் கேட்டுக்கொண்டு நிக்காதையுங்கோ. அவ அவளின்ர பக்கம்.

கனகம்மா

---

திருகோணமலை
3.7.42

அன்புள்ள கனகத்துக்கு,

நீரும் வயித்துப் பிள்ளையும் சுகமெண்டு ஐயா எழுதியிருந்தார். அதுதான் எனக்கு வேணும்.

நேற்று அக்கா மீன்சந்தைக்குப் போன நேரம் கண்டைப் பிடுங்கி எரிச்சாச்சு. வேர் நினைச்சதிலும் ஆழம். இரும்பு அலவாங்கைக் குத்தி நெம்பித்தான் கிளப்பினது. கையெல்லாம் முள்ளு.

நீர் நினைக்கிறமாதிரி ஒருத்தியும் இல்லை. அம்மாளாச்சியில சத்தியம். ஆனா அதை விளங்கப்படுத்தப் போனா வேற கதை எடுக்கவேணும், அதை எடுக்க எனக்கு முகமில்லை. ஒரு கண்டுதானே, போகட்டும். குண்டு விழுந்து இவ்வளவு சனம் செத்த ஊரில ஒரு கண்டுக்காக உம்மையும் பிள்ளையையும் நான் இழக்க ஏலாது.

பிள்ளை பிறந்தவுடன தந்தி அடிக்கச் சொல்லும்.

அன்புடன்
இராசதுரை

---

திருகோணமலை
4.7.42

கனகத்துக்கு,

கண்டு போச்சு. நீர் இனி வரலாம்.

நான் தம்பலகாமத்துக்குப் போறன், சின்னம்மா வீட்டை. வயலுக்கு ஆக்கள் இல்லையாம். தம்பிக்குச் சாப்பாடு றுக்கியாவிட்டச் சொல்லியிருக்கிறன். அரிசி பெரிய பானையில. மிளகாய்த்தூள் அலுமாரியின்ர கீழ்த்தட்டில.

சுகமாப் பெத்தெடும்.

நல்லம்மா

---

கரவெட்டி
23.8.42

அன்பான மச்சாளுக்கு,

உங்களுக்கு மருமகன் பிறந்திருக்கிறான். பதினெட்டாம் திகதி. நல்ல நிறை. மூக்கு உங்கட குடும்பத்து மூக்கு. நானும் சுகம், பத்தியக் காயமும் சரக்குமாகத் திண்டு கொழுத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் வயல் வெயிலில நிண்டு காலைக் கெடுக்காதையுங்கோ.

உங்களுக்கு என்னில மனவருத்தம் எண்டு தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்கோ, நீங்கள் எண்டா அந்தக் கண்டுக்குப் பக்கத்தில பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்துவீங்களோ? அது போனபிறகுதான் எனக்குச் சோறு ருசிக்குது. அவளும் இப்ப படலையால எட்டிப்பாத்து, வெறும் மண்ணைக் கண்டிருப்பாள். அந்த நினைப்பு எனக்கு மருந்துமாதிரி இருக்கு. பொய் சொல்ல விருப்பமில்லை.

நாங்கள் மழைக்கு முதல் வாறம். நீங்களும் திரும்பி வாங்கோ. பிள்ளையை நீங்கள்தான் குளிக்கவாக்கவேணும்.

கனகம்

---

திருகோணமலை
24.11.42

என்ர மச்சாளுக்கு,

நீங்கள் என்ர கடிதத்துக்கு ஏன் பதில் எழுதேல்லை எண்டு எனக்கு இப்ப தெரியும். சுகம் விசாரிக்கக்கூட வெக்கமாக் கிடக்கு. இருந்தாலும் கேட்கிறன். எப்பிடி இருக்கிறியள்?

நாங்கள் வந்து ஒரு கிழமை. வாசலில ரோசா நிண்ட இடத்தில குரோட்டன் ஒண்டு வைச்சிருக்கிறார், அது பட்டுப்போச்சு. அடுத்தநாள் றுக்கியா பிள்ளையைப் பாக்க வந்தா. எனக்கு வாய் சும்மா கிடக்கேல்ல. "ஒருமாதிரி அவளின்ர வேர் போச்சு" எண்டன்.

"எவட வேர்?" எண்டா.

"உங்களுக்குத் தெரியாதோ? ரோசா ஆருக்கு வைச்சதோ, அவளின்ர."

றுக்கியா பிள்ளையை என்ர மடியில திருப்பி வைச்சுப்போட்டு என்னைப் பாத்தா. "என்ன கதை கதைக்கிறீங்க கனகம்? அது நல்லம்மா அக்காட ரோசா. எங்கட முன்னறையில வாடகைக்கு இருந்த ஞானமுத்து ஓவசியர் அவவுக்கெண்டு உண்டாக்கினது."

நான் சிரிச்சன், மச்சாள். பகிடி விடுறா எண்டு நினைச்சன். பிறகுதான் மஞ்சள் சேலை, தலைமயிர், நாள்தோறும் தம்பி காணுறவ — எல்லாம் ஒண்டுக்குமேல ஒண்டா வந்து விழுந்தது. பிள்ளை அழுதது, எனக்குக் கேட்கேல்ல.

மிச்சத்தையும் றுக்கியா சொன்னா. றோட்டு வேலைக்கு மட்டக்களப்பிலயிருந்து வந்தவராம். மிசன் எடுத்து வளத்த பிள்ளையாம். முறையாப் பெண் கேட்டு வந்தவராம். "தாய் ஆர் தகப்பன் ஆரெண்டு தெரியாதவனுக்கு என்ர அக்காவைக் குடுக்க ஏலாது" எண்டு உங்கட தம்பி படலையில வைச்சே சொல்லி அனுப்பினாராம். அவர் மலாயாவுக்கு றெயில்வே வேலைக்குப் போனாராம். சிங்கப்பூர் விழுந்தபிறகு அங்கயிருந்து ஒருதற்ற கடிதமும் இல்லையாம்.

"கண்டைப் பிடுங்கின அண்டு அக்கா அழல்ல" எண்டா றுக்கியா. "கூடையோட வந்து குழியைப் பாத்தா. பிறகு மீனை வெட்டிக் கழுவிக் கறி வைச்சு, தம்பிக்குப் போட்டுக் குடுத்துட்டுத்தான் பெட்டி கட்டினா."

அவரைக் கேட்டன். "ஏன் நேவி ஹவுஸ் எண்டு சொன்னனீங்கள்?" எண்டன். "வேற என்ன சொல்லுறது? வாசலில நிக்குது. ஒவ்வொரு நாளும் பூக்குது" எண்டார். அவர் தம்பலகாமத்துக்கு வந்து உங்கட காலில விழுறன் எண்டுறார், ஆனா வெளிக்கிடுறாரில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கத்தான் இதை எழுதத் தொடங்கினன். ஆனா நான் ஒண்டை ஒளிச்சா இந்தக் கடிதமும் பொய்யாப் போடும். உண்மை தெரிஞ்சா என்ர எரிச்சல் அடங்கும் எண்டு நினைச்சன். அடங்கேல்ல. கூடிப்போச்சு. முதல் நான் நினைச்சது, புருசன் இன்னொருத்திக்கு வைச்சதெண்டு. இப்ப பாத்தா எனக்கும் அந்தப் பூவுக்கும் ஒரு சம்பந்தமுமே இல்லை. ஒரு மனுசன் உங்களை நினைச்சு, உலகத்தில இல்லாத ஒண்டை உண்டாக்கியிருக்கிறான். எனக்கு ஆரும் ஒரு இலையையும் உண்டாக்கித் தரேல்ல. தந்த ஒரு பூவும் உங்கட. நீங்கள் தண்ணி ஊத்தேக்க நான் இந்தக் கதிரையில இருந்து, இது என்ர எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். உங்களைப் பாத்து எனக்குப் பொறாமை, மச்சாள். கண்டையும் அழிச்சுப்போட்டு, இன்னும் பொறாமை.

ஏன் எனக்கு ஒரு சொல் எழுதேல்ல? "அது என்ர" எண்டு எழுதியிருந்தா நான் ஒருதரையும் அதைக் கையால தொடவும் விட்டிருக்கமாட்டனே.

கனகம்

---

தம்பலகாமம்
9.12.42

கனகத்துக்கு,

நான் சுகம். வயல் முழுக்கத் தண்ணி. கால் வீங்கித்தான் கிடக்கு. சின்னம்மா பெடியனின்ர மூக்கைப் பற்றித் திருப்பித் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டா.

தம்பியை வரச் சொல்லவேண்டாம். அவன் பிடுங்கினதை விட, கலியாணத்தண்டு அதில வெட்டி உமக்குத் தந்ததுதான் எனக்குச் சுட்டது. நான் அப்ப குசினி வாசலில பாயாசச் சட்டியோட நிண்டனான். நீர் தலையில செருகிக்கொண்டு போறீர். நல்ல வடிவாயிருந்தீர். சட்டியைக் கீழ போட்டுடைக்கவேணும்போல இருந்தது. மூண்டு வருசமா நீர் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல நான் வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தனான்.

அந்தப் பூவின்ர கதை கேட்டீர். அவர் கோயில் நந்தவனத்து வெள்ளையில ஒரு கொப்பு, டொக்டர் வீட்டுச் சிவப்பில ஒரு கொப்பு, பங்களா ஒண்டில பேர் தெரியாமல் நிண்டதில ஒரு கொப்பு எண்டு கொண்டுவந்து மண்ணெண்ணெய்த் தகரங்களில வைச்சவர். புறா இறகால ஒண்டின்ர பூப்பொடியை எடுத்து மற்றதின்ர பூவில தடவுவார். றுக்கியா வீட்டார் அவருக்குப் பைத்தியம் எண்டினம். காய் காய்ச்சது, பறிச்சுக் கடதாசியில காயவைக்கேக்க காத்தடிச்சு விதையெல்லாம் கலந்துபோச்சு. முளைச்சது ஒண்டே ஒண்டு. அதைத் தூக்கிக்கொண்டுவந்து வேலியால தந்தார். "இதுக்குத் தாய் ஆர், தகப்பன் ஆரெண்டு எனக்கே தெரியாது, நல்லம்மா. பூக்குதோ எண்டு பாப்பம்" எண்டார். அவர் போனபிறகு எத்தினையோ தரம் கொப்பு வெட்டிப் பதிச்சுப் பாத்தன். ஒண்டும் வேர் விடேல்ல. அதால இனி அது இல்லை. அதை நினைக்க நெஞ்சு நோகுது, நோகேல்லை எண்டு நான் எழுதமாட்டன்.

மலாயாவுக்குக் கடிதம் போகாது எண்டு தபாற்கந்தோரில சொல்லுகினம். அவர் இருக்கிறாரோ தெரியாது. அங்க கலியாணம் முடிச்சாரோ அதுவும் தெரியாது.

ஏன் ஒரு சொல் எழுதேல்லை எண்டு கேட்டீர். எழுதியிருக்கலாம். பேனையை எடுத்தும் இருக்கிறன். ஆனா உம்மட கடிதங்களைத் திருப்பி வாசிச்சனான். ஆரவள், எப்பிடியானவள், அவளில ஏன் இவ்வளவு பட்சம் எண்டு கேட்டுக்கேட்டு எழுதியிருந்தீர். நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறீர். கனகம், முப்பத்தேழு வருசத்தில என்னை நினைச்சு ஒரு பொம்பிளையும் நித்திரை முழிச்சதில்லை. பரிதாபப்பட்டிருக்கினம், வேலை சொல்லியிருக்கினம், கலியாண வீட்டில பின்வரிசையில இருத்தியிருக்கினம். பொறாமைப்பட்டதில்லை. நீர்தான் முதல். ஆளைத் தெரியாமல்தான் பட்டீர். அதனால என்ன? அந்தக் கடிதங்களை வாசிக்கேக்க எனக்குத் தலைமயிர் திரும்ப முழங்கால்மட்டும் கிடந்தது. சொல்லிப்போட்டா நான் பழையபடி கால் நோவுக்கார மச்சாளாப் போடுவன். இன்னும் ஒரு கிழமை, இன்னும் ஒரு கடிதம் எண்டு விட்டன். தம்பி அலவாங்கு எடுப்பான் எண்டு நினைக்கேல்ல.

பிள்ளைக்கு முதன்முதல் சோறு தீத்தேக்க சொல்லியனுப்பும், வருவன். வந்து நிக்கிறதோ திரும்புறதோ எண்டு அப்ப பாப்பம்.

மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். உண்மை தெரிஞ்சபிறகும் என்னில பொறாமையாக் கிடக்குது எண்டு எழுதியிருந்தீர். அந்த இடத்தைச் சின்னம்மா நித்திரையான நேரம் பாத்து வாய்விட்டு வாசிச்சனான். அந்தப் பொறாமையை உடன ஆத்திப்போடாதையும். எனக்காகக் கொஞ்சக்காலம் வைச்சிரும்.

நல்லம்மா